பங்காளியா, மச்சானா

அவன் நாற்காலியை மறுபடியும் திருப்பிப் போட்டான். இப்போது வாசல் தெரிந்தது.

கடற்கரை பாரில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. கூரை முழுக்க வானவில் கொடிகள். கடலிலிருந்து ஏறிவந்த ஈரத்தோடு ஆண்கள் ஆண்களின் தோளில் சாய்ந்து ஆடினார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலை.

இதற்காகத்தான் இந்தக் கிரேக்கத் தீவுக்கு வந்தார்கள், அவனும் லோகுவும். ஒரு வாரமாவது ஒளியாமல் இருக்க.

காலையில் விடுதி வரவேற்பில் அந்தப் பெண் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பிரதர்ஸ்."

இரண்டு ஒற்றைக் கட்டில் போட்ட அறை கிடைத்தது.

திருப்பூரில் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். இவன் என் பங்காளி.

லோகு சண்டை போடவில்லை. குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்.

"இன்னொருக்கா என்னயப் பங்காளின்னு சொன்னீன்னா, நான் தனியா ஊருக்குப் போயிக்கறேன். அப்பறம் நீ யாரோ, நான் யாரோ."

இப்போது லோகு எதிரே வெற்றுடம்போடு உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.



லோகுவின் கை மேசைமேல்தான் கிடந்தது. பிடிக்கலாம். இங்கே பிடிக்கலாம்.

நீட்டினான்.

"தம்பி, நம்மூருங்களா?"

கை திரும்பி வந்துவிட்டது.

பூப்போட்ட சேலை, காலில் கான்வாஸ் ஷூ, தலையில் தொப்பி. அம்மா வயது இருக்கும்.

"ஆமாங்க. திருப்பூருங்க."

"மொகத்தப் பாத்தாலே தெரியுதே! நாங்க காங்கேயமுங்க. கப்பல்ல டூர் வந்தமுங்க. அவரு முடியலீன்னு கரையிலயே ஒக்காந்துட்டாரு. ஒரு வாய்த் தண்ணி கெடைக்குமான்னு வந்தேன்."

கேட்காமலே உட்கார்ந்தாள். பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்தாள்.

"இங்க மனுசன் திங்கறக்கு என்னங்க கெடைக்குது? எல்லாம் பச்சத் தழை."

மூடியைத் திருகிக்கொண்டே லோகுவை மோவாயால் காட்டினாள்.

"இந்தத் தம்பி உங்களுக்குப் பங்காளிங்களா, மாமன் மச்சானுங்களா?"

அவன் ஊரில் எல்லா உறவும் இந்த இரண்டில் ஒன்று. கூடப் பிறந்த முறை. இல்லை, கட்டிக்கொள்கிற முறை.

லோகு கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உறிஞ்சுவதை மட்டும் நிறுத்தியிருந்தான்.

காங்கேயம் திருப்பூருக்கு ஒரு பஸ் தூரம். இன்று இவள் காதில் விழுவது, அடுத்த முகூர்த்தப் பந்தியில் அவன் அம்மா காதில் விழும்.



"பங்காளி இல்லீங்க," என்றான். "நாங்க... ஒண்ணா இருக்கறமுங்க. புருசன் பொஞ்சாதியாட்ட."

டப்பா அந்தரத்தில் நின்றது.

அந்த அம்மா கொடிகளைப் பார்த்தாள். ஆடுகிறவர்களைப் பார்த்தாள். லோகுவை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது.

பிறகு டப்பா நகர்ந்தது. அவனைத் தாண்டி லோகுவிடம் போனது.

"மொதல்ல மாப்பளைக்கு."

லோகு நாற்காலி முதுகில் கிடந்த சட்டையை எடுத்து, வெற்றுடம்பின் மேல் போட்டுக்கொண்டான். பொத்தான்களைக் கழுத்து வரை மாட்டினான்.

எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.