தலைமாட்டுக் கிண்ணம்

கண்ணாடிப் பெட்டி திறந்தது.

பதினொரு வருடமாக அவள் துடைத்ததெல்லாம் வெளிப்பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கை வைத்து அழுத்திய தடம், விரல் தடம் எல்லாவற்றையும் ஈரத்துணியால் அழிப்பது அவள் வேலை. உள்பக்கத்துக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள். அதற்கென்று தனி ஆள். அவர் இந்தச் சித்திரையோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

அதனால் இன்று பிரஷ் அவள் கையில்.

"தெய்வானையம்மா, மேலாப்புல தூசி மட்டும் தட்டுங்க. தாழிக்குள்ள கை போகக்கூடாது, சரியா?"

எபனேசர் சார்தான் இந்தக் கூடத்துக்குப் பொறுப்பு. கைகளில் வெள்ளை உறை. கக்கத்தில் பழைய பதிவேடு.

"சரிங்க சார்."

விடுமுறை நாள். அருங்காட்சியகத்தின் இந்தக் கூடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

பெரியவர்களைப் புதைத்த தாழிகள் சுவரோரம் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் குந்தி உட்காரலாம். கண்ணாடிக்குள் இருக்கும் இந்தத் தாழி அப்படியில்லை. இடுப்பில் வைக்கும் குடத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தோளில் கறுப்பு மையில் ஓர் எண்.

வெள்ளைக்காரர் காலத்தில் ஏதோ ஆற்றங்கரை மேட்டில் தோண்டி எடுத்தது. வைக்கோல் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றி, அப்புறம் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வந்த அன்று எழுதிய எண் அது. அதற்கு முன்னால் ஒரு பெயர் இருந்ததா, யாருக்குத் தெரியும்.

உள்ளே பாதிக்கு மண். மண்ணில் புதைந்தும் புதையாமலும் சின்னச் சின்ன எலும்புகள். பார்க்கிறவர்களுக்கு முதலில் கோழிக்குஞ்சு என்று தோன்றும்.

கோழிக்குஞ்சு இல்லை.

"ஆயா, இது ஊறுகாய் ஜாடியா?" என்று போன வாரம் ஒரு வாண்டு கேட்டது.

"தொட்டில்டா. சத்தம் போடாம பாரு," என்றாள்.

அவள் பிரஷை ஓட்டினாள். தலை துவட்டிவிடுகிற மாதிரி.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இறந்துபோன அவளுடைய எட்டு நாள் பிள்ளையைத் துண்டில் சுற்றி, கணவரின் அண்ணன் தூக்கிக்கொண்டு போனார். பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாது. போனவர் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தார். எந்த இடம் என்று கேட்டாள். "உனக்கு எதுக்கும்மா அது," என்றார். அதட்டவில்லை. பிரியமாகத்தான் சொன்னார். இன்று அவரும் இல்லை.

கணவரைக் கேட்டால், "அண்ணன்தானே போச்சு, எனக்கென்ன தெரியும்," என்பார். அவருக்கும் தெரியாதுதான்.

பல் முளைக்காத பிள்ளைக்குப் பால் தெளிக்கிற வழக்கம் இல்லையாம்.

அவளுக்குப் பால் நிற்கவில்லை. வற்றட்டும் என்று மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள். மூன்று நாள்.

அப்புறம் அவள் மல்லிகை வைத்ததில்லை.

தாழிக்கு வெளியே ஒரு சாண் தள்ளி ஒரு கிண்ணம். உள்ளங்கைக்குள் அடங்கும். பாதி கறுப்பு, பாதி சிவப்பு. முன்னால் 'கிண்ணம்' என்று ஒரு சீட்டு.

"சார், இதுவும் இதோடதா?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். பழுத்துப்போன பக்கம். "ஆமா. உள்ளதான் இருந்திருக்கு. வலப்பக்கம், தலைமாட்டுல."

பிரஷ் நின்றது.

"பின்ன ஏன் சார் வெளியில?"

"வர்றவங்க பாக்கணும்ல."

"பிள்ளைக்கு அம்மா வச்சது சார். இங்க இருந்தா எப்படி எட்டும்?"

சார் சிரித்தார். "மூவாயிரம் வருஷம் ஆச்சும்மா. இனிமே அதுக்குப் பசிக்கவா போவுது?"

அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"அவளையாச்சும் வைக்க விட்டிருக்காங்களே."

சொல்லிவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினாள். ஏற்கெனவே தட்டிய இடத்தையே.

சார் அதே பக்கத்தை இன்னொரு முறை படித்தார். புதிதாக அதில் ஒன்றும் இல்லை. பதிவேட்டை முக்காலியில் வைத்தார். கையுறையைக் கழற்றினார். முதலில் வலது. பிறகு இடது.

அவள் பக்கம் நீட்டினார்.

"வலப்பக்கம். தலைமாட்டுல," என்றார். "நான் எழுதிக்கிறேன்."

உறை அவளுக்குப் பெரிது. விரல் நுனிகள் தொங்கின. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள்.

அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தளும்பாமல் கொண்டுபோனாள்.

கை முழங்கைவரை உள்ளே போனது. எவ்வளவு நேரம் இருந்தது என்று சாருக்குத் தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

கண்ணாடி மூடியது. பூட்டினார்கள். வெறும் பலகையில் சீட்டு மட்டும் நின்றது.

"அந்தச் சீட்டை எடுத்திருக்கணும்," என்றார் சார்.

"இருக்கட்டும் சார். கேக்குற பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

சாயங்காலம். பஸ் நிறுத்தத்துப் பூக்காரி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதினொரு வருடமாக வாங்காத ஆள்.

அவள் கூடையின் முன்னால் நின்றாள்.

"மல்லியா?"

தலையை ஆட்டினாள்.

"சாமிக்கா, தலைக்கா?"

பூக்காரி எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. ஒரு பஸ் வந்து, நின்று, போனது.

"தலைக்கு," என்றாள்.