உச்சியில் கிடந்த மண்

லடாக் மலையில் வருடாவருடம் சூடு கொஞ்சம் மேலே ஏறிவரும். ஜெசிந்தா, குளிரில் மட்டுமே பிழைக்கும் மெத்தைப்பூச் செடிகளைப் பெயர்த்து, சூடு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய் நடுவாள். பதினான்கு வருடமாக அதுதான் அவள் வேலை. இந்த வருடம் உச்சிக்கே வந்தாயிற்று. இதற்கு மேல் மலை இல்லை.

எங்கும் வெறும் பாறை. மண் இருந்தது ஒரே இடத்தில், அவள் கணவன் அல்போன்ஸின் நினைவாக அடுக்கிய கற்களுக்கு அடியில். பனிச்சரிவில் போனவன்; உடல் கிடைக்கவில்லை. அவனுக்கென்று இருந்தது இந்தக் கற்கள் மட்டும்தான்.

கூட வேலை பார்க்கும் ரெஜின் செடியை இறக்கி வைத்தான். தலையணை அளவுக்குப் பச்சையாகப் பம்மிக் கிடந்தது; மேலெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள். நூறு வயதாவது இருக்கும்.

"அக்கா, இந்த ஒண்ண விட்டுருவோம். வழியிலயே பட்டுப்போச்சுன்னு எழுதிக்கிடலாம்."

"உயிரோட இருக்குல்லா," என்றாள் ஜெசிந்தா.

மண்டியிட்டுக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அடியில் மண் ஈரமாக இருந்தது. செடியை வைத்து, வேரைச் சுற்றி விரலால் அழுத்தினாள். காற்று ஆளைத் தள்ளியது.

"கல்லையெல்லாம் என்னக்கா செய்ய?"

"காத்துக்கு மறைவா செடியச் சுத்தி வை மக்கா. அவரு பாத்துக்கிடட்டும்."