வெயில் படாத துணி

"அம்மா ஆபரேஷனுக்குச் சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா."

இந்தப் பேச்சை அப்பாவிடம் எடுக்கவே கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நிற்கிறது. சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் அப்பாவின் சட்டைகள் வெயிலில் ஆடுகின்றன. அம்மா மடித்து வைத்துக்கொள்ளும் பழந்துணிகள் மட்டும் கட்டிலுக்கடியில் இருட்டில் காய்கின்றன. நான்கு வருடமாக அவளுக்கு மூத்திரப்பை கீழே இறங்கிக் கிடக்கிறது. தும்மினால் நனைந்துவிடும் என்று கோயில் வாசலோடு திரும்பிவிடுகிறாள்.

"அதான் டாக்டர் தாங்கிப் பிடிக்க ரப்பர் வளையம் வெச்சுட்டாருல்ல? அறுபது வயசுல கத்தி எதுக்கு லா?" பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பா கேட்கிறார்.

"வளையம் உள்ள புண்ணாக்கிடுச்சுப்பா. இறங்கினதைத் தூக்கித் தைக்கலாம்னு டாக்டரே சொல்றார்."

"படிச்ச பொண்ணு அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது?"

அம்மா வந்து சுவரோரம் நிற்கிறாள். ஈரக்கையால் அடிவயிற்றைத் தாங்கியபடி அவர் முகத்தையே பார்க்கிறாள். அவர் பக்கத்தைப் புரட்டுகிறார்.

ஆஸ்பத்திரியின் சம்மதத் தாளில் காலையிலேயே அம்மா பெருவிரலைப் பதித்துவிட்டாள். கீழே நான் கையெழுத்தும் போட்டாயிற்று. அவர் வாயிலிருந்து ஒரு 'சரி' அவள் காதில் விழட்டும் என்றுதான் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறேன்.