வராத உண்ணி

குளியலறைச் சன்னலில் வெளிச்சம் மங்குகிறது. மக்கில் இருக்கும் சோப்புத் தண்ணீரில், பிடுங்கிப் போட்ட உண்ணிகள் காலை அசைத்துக்கொண்டு கிடக்கின்றன. வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பஸ் டிரைவர் ஈரத் தரையில் உட்கார்ந்து, மடியில் மல்லாந்து கிடக்கும் நாயின் வயிற்றைத் துழாவுகிறார். சொறிந்து சொறிந்து தோலெல்லாம் சிவந்த தடிப்பு. "இந்த ஒண்ணு மட்டும் வரவே மாட்டேங்குது," என்று மறுபடி இழுக்கிறார். நாயின் பின்னங்கால் நடுங்குகிறது, ஆனால் அது கடிக்கவில்லை. மனைவி டார்ச்சோடு குனிகிறாள். "அது உண்ணி இல்லைங்க, காம்பு." "ஆம்பள நாய்க்கு ஏது காம்பு?" "ஏன், உங்களுக்கு இல்லையா?" அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கன்றிப்போன இடத்தைக் கட்டைவிரலால் தடவி, "கத்தியிருக்கக் கூடாதாடா," என்கிறார் நாயிடம். நாய் ஒரு பெருமூச்சு விட்டு, புரண்டு படுத்து, காதைக் காட்டுகிறது. காது நிறைய உண்ணி.