ஏரிக்கரை நடுகல்

"இறங்குங்கப்பா, நடுகல் பார்க்கலாம்" என்றார் பேராசிரியை அலர்மேல்மங்கை. 1984-இல் சரித்திரம் படித்த மாணவர்களை, இருபது வருடம் கழித்து, பெங்களூரில் அன்று காட்டிய இடங்களுக்கே மறுபடி கூட்டி வந்திருந்தார்.

"வெயில் ஜாஸ்தி மேடம். பஸ்லயே சொல்லிடுங்களேன்" என்றான் பத்ரி.

"நீயா இப்படிச் சொல்றே? அந்தக் கல்லைப் பார்த்ததுமே பத்தாம் நூற்றாண்டுன்னு சொன்னவன் என் சர்வீஸ்லயே நீ ஒருத்தன்தான்!"

எல்லோரும் இறங்கினார்கள். ஏரிக்கரையில் கல்லைக் காணோம். அது இருந்த இடத்தில் பத்து மாடிக் குடியிருப்பு நின்றது.

"ஊர் மாட்டை மீட்கப் போய் உயிரை விட்டவனோட கல்லுப்பா." என்றார் அலர்மேல்மங்கை. "படிப்பு வாசனை இல்லாத எவனோ ஜல்லியோட ஜல்லியா உடைச்சுப் போட்டிருக்கான். வா பத்ரி, தொல்லியல் துறையில புகார் குடுப்போம். அந்தக் கல்லுல இருந்த எழுத்தை முழுசாப் படிச்சவன் நீ. நீதான் சாட்சி சொல்லணும்."

பத்ரி அசையவில்லை. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறும்வரை காத்திருந்தான்.

"இது நான் கட்டின பில்டிங் மேடம்."

அவர் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார்.

"படிக்காதவன் உடைக்கல. ஜேசிபி டிரைவர் அதைத் துணி துவைக்கிற கல்லுன்னு நெனச்சு, பத்திரமா ஓரத்துல எடுத்து வெச்சிருந்தான். வெளிய தெரிஞ்சா வேலையை நிறுத்திடுவாங்கன்னு நான்தான் உடைக்கச் சொன்னேன். அது என்ன கல்லுன்னு அன்னைக்கு அங்க தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."