ஏதோ ஓடுது

தமிழர் பழக்கவழக்கங்களை விளக்கியபடி, பெல்ஜியத்து முதலீட்டாளர்களைத் தயாளினி பாரிஸ் லாச்சப்பலில் தன் கணவர் குகதாசனின் சாப்பாட்டுக்கடைக்கு அழைத்து வந்தாள். ஒரு மேசைகூடக் காலியில்லை. வாசலிலும் வரிசை.

"வியாபாரம் எப்படி?" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

தயாளினி வாய்திறக்குமுன் குகதாசனே பிரெஞ்சில் முந்திக்கொண்டார். "ஏதோ ஓடுது. முந்தின மாதிரி இல்லை."

"இரண்டாவது கடை போட்டால்?"

"ஐயோ, இதையே இழுக்கேலாமல் கிடக்கு."

தயாளினி கண்ணைக் காட்டினாள். அவர் கவனிக்கவில்லை. வந்தவர்கள் கொத்துரொட்டியைப் புகழ்ந்து, கைகொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் பின்னால் கதவு மூடியதும் குகதாசன் மனைவியின் தோளைத் தட்டினார்.

"கண்ணூறு படாமல் சமாளிச்சிட்டன், பாத்தனீரே?"

தயாளினி அவர்கள் சாப்பிட்ட தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"இரண்டாவது கடைக்குக் காசு போட ஆக்களைப் பிடிச்சுத் தாருமெண்டு கேட்டன். நல்ல ஆக்களைத்தானப்பா கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்! எப்ப கையெழுத்து வைப்பினமாம்?"