ஜபார் மாமாவின் வாளி

"பண்டிக்கு ஊசி மருந்து செய்யத்தானா புள்ள, உன்ன கெம்பஸுக்கு அனுப்பின?"

பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து ஆராயும் றிஸானாவைக் கண்டால் ஜபார் மாமா இதைத்தான் கேட்பார். குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் அவருடைய தேநீர்க் கடை. கேட்டுச் சிரிக்க எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.

"ஆய்வுகூடத்துல அதுகள்ட வாலக் கூட நான் கண்டதில்ல மாமா. காய்ச்சல் வைரஸ்ட மேல்தோல்ல உள்ள ஒரு புரதத்த மட்டும் ஈஸ்டுக்குள்ள உண்டாக்கி எடுக்கிறம். அதுதான் மருந்து. அந்த ஈஸ்டும் பாண் பொங்க வைக்கிற ஈஸ்ட்ட சொந்தக்காரன்தான்."

"போச்சிடா! இனி நிம்மதியா பாணும் தின்ன ஏலா!"

கடையே சிரித்தது. றிஸானாவும் சிரித்து வைத்தாள்.

ஆனால் வாளியைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது. மாமாவின் வீட்டைத் தாண்டித்தான் அவள் தன் வீட்டுக்குப் போக வேண்டும். வாசல் படலையோரம் ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் சிரட்டை நிறைய மண். பன்றி பட்ட கையை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணும் சேர்த்துக் கழுவ வேண்டுமென்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"எனக்குத்தான் வெச்சிரிக்கிறார் உம்மா!" வீட்டுக்குள் வந்து அழுதே விட்டாள்.

"அவருக்கு வாய்தான் நீளம். நீ வந்த வேலயப் பாரு," என்றார் உம்மா.

வந்த வேலை பெரியது. அவள் மருந்து முதன்முதலாக ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்து, மாமா வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வின்சன்டின் பன்றிப் பட்டியில்தான் பரீட்சை எழுதுகிறது. போன வருடக் காய்ச்சலில் பட்டியையே பறிகொடுத்த மனுஷன், இந்த எட்டுக் குட்டிகளையும் மருந்தை நம்பித்தான் வாங்கினார். முதல் ஊசியை மிருக வைத்தியர் போன மாதமே போட்டுவிட்டார். நாளைக்கு இரண்டாவது.

மறுநாள் காலை மிருக வைத்தியர் முகம் தொங்க வந்தார்.

"வின்சன்ட் வள்ளத்தில வழுக்கிக் கால் முறிஞ்சு, ஒரு கிழமையா ஆஸ்பத்திரியில. பெண்சாதி பாக்கியம்மாவும் அங்கதான். பட்டினி கிடந்த பண்டிக்கு ஊசி போட்டு என்ன முடிவு காணுறது?"

வழியெல்லாம் றிஸானா துஆ ஓதிக்கொண்டே போனாள். பன்றிக்காகத் துஆ ஓதலாமா என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

பட்டியில் எட்டும் கொழுகொழுவென்று நின்றன. தொட்டியில் தவிடும் பழைய பாண் துண்டுகளும் கிடந்தன.

"பாக்கியம்மா யாரையோ ஒழுங்கு செஞ்சிருக்கிறா," என்றார் வைத்தியர். அவர் ஊசி போட, றிஸானா குட்டிகளைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஜபார் மாமா படலையடியில் நின்றார். நேற்று அடக்கிய கோபம் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"இண்டைக்கு உண்மையாவே தொட்டுட்டன் மாமா. உங்கட வாளியிலயே கழுவுறன். இப்ப சந்தோசம்தானே?"

"வாளியத் தொடாத புள்ள!" மாமா பாய்ந்து வந்து மறித்தார். "உன்ட வீட்டுல தண்ணி இல்லையா? இது எனக்கு வெச்சது."

"உங்களுக்கா?"

மாமா சந்திப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"பசியில அதுகள் கத்துது புள்ள. கைய ஏழு தடவ கழுவலாம். காத எதால கழுவுற? கடையில சொல்லிப்போடாத."

றிஸானாவுக்குத் தொட்டியில் கிடந்த பழைய பாண் நினைவுக்கு வந்தது.

"அது கெடக்கட்டும். அந்தக் காது கிழிஞ்ச குட்டி... ஊசி குத்தக்குள்ள கத்தினதா?"